துப்பாக்கி கேம் விளையாடினால் பிள்ளை கெட்டுப் போவானா?

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் வாரம் பையன் எங்கிருந்தோ ஒரு கேமை இறக்கி விடுகிறான். மூன்றாம் வாரம் திரையில் ஒரே துப்பாக்கிச் சத்தம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கவலை ஆரம்பித்து விடுகிறது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் பாளையங்கோட்டை. விடுமுறையில் ஊருக்கு வந்தால் கம்ப்யூட்டர் பற்றிச் சந்தேகம் கேட்க யாராவது வந்துவிடுவார்கள். பிரிண்டர், வைரஸ், வைஃபை என்று ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். “தம்பி, எந்நேரமும் திரையில ஆளச் சுட்டுக்கிட்டே கெடக்கான். நாளைக்கு நெசமாவே எவனையாவது அடிச்சிருவானோ?”

நியாயமான கேள்விதான். நானும் சிறுவயதிலிருந்து கம்ப்யூட்டர் கேம்ஸ் விளையாடி வருபவன். கவுண்டர் ஸ்ட்ரைக், ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி எல்லாம் ஆடித் தீர்த்தவன். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று நான் சொன்னால், ஆடுகிறவன் அப்படித்தான் சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் என் அபிப்பிராயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் இதுவரை நடந்ததைப் பார்ப்போம்.

ஐம்பது வருடப் பழைய பயம்

இந்தப் பயம் பப்ஜி வந்த பிறகு பிறந்ததல்ல. 1976-ல் அமெரிக்காவில் எக்ஸிடி என்ற நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்ற கேமை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி. திரையில் ஓடும் குச்சி மனிதர்கள் மீது காரை ஏற்ற வேண்டும். அடிபட்ட இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அன்று அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

1992-ல் ‘மார்ட்டல் காம்பாட்’ வந்தது. சண்டை, ரத்தம், தலையைக் கொய்வது எல்லாம் அதில் உண்டு. வீட்டில் ஆடும் நிண்டெண்டோ கருவிக்காக வந்த பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றினார்கள். அப்படியும் விவாதம் அடங்கவில்லை. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபை இதற்காகவே விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994-ல் கேம்களுக்கு வயது முத்திரை தரும் இ.எஸ்.ஆர்.பி. அமைப்பு உருவானது. ஐரோப்பாவில் இதே வேலைக்காக 2003-ல் ‘பெகி’ வந்தது.

1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்ட மாணவர்கள் இருவரும் ‘டூம்’ கேம் ஆடுபவர்கள் என்று தெரிந்ததும் பழி முழுவதும் கேம்ஸ் மீது விழுந்தது. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டம் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் அதை ரத்து செய்தது. கேம்ஸால்தான் சிறுவர்கள் வன்முறையில் இறங்குகிறார்கள் என்பதை அரசு காட்டிய ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கொலை செய்த ஒரு பையன் கேம் ஆடியிருந்தான் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வயதுப் பையன்களில் ஆடாதவர்கள் எத்தனை பேர்? குற்றவாளி காலையில் காபி குடித்தான் என்பதற்காகக் காபியைக் குற்றத்துக்குக் காரணம் ஆக்க முடியாது. ஆடுபவர்களையும் ஆடாதவர்களையும் பெரிய எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

அப்படி ஓர் ஆய்வை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் 2019-ல் வெளியிட்டார். பிரிட்டனில் 14, 15 வயதுள்ள 1,004 பேரிடம் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதில் வன்முறை உண்டா என்பதைப் பிள்ளைகளின் வாய்ச்சொல்லை வைத்து முடிவு செய்யாமல், அதிகாரபூர்வமான வயது முத்திரையை வைத்துத் தீர்மானித்தார்கள். பிள்ளையின் கோபம், அடிதடி பற்றிப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானமும் கிட்டத்தட்ட இதுதான். கேம்ஸால் ஒருவர் கொடிய வன்முறையில் இறங்குகிறார் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஆனால் கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறு முரட்டுத்தனங்களோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பகுதியை எங்களைப் போன்ற கேமர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்க வேண்டாம்.

2014-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட சுவாரசியம். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திய கேம்களில் ‘டெட்ரிஸ்’ஸும் ஒன்று. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குவோமே, அதேதான். அதை வேண்டுமென்றே ஜெயிக்க முடியாதபடி மாற்றிக் கொடுத்தார்கள். ஆடியவர்களுக்குக் கோபம் ஏறியது! டெட்ரிஸில் துப்பாக்கியும் இல்லை, ரத்தமும் இல்லை. நம் திறமை எடுபடாத எரிச்சல்தான் அந்தக் கோபத்துக்குக் காரணம் என்றார்கள்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஆன்லைன் மேட்ச் ஒன்று இருபது முப்பது நிமிடம் ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. கடைசி ஐந்து பேரில் ஒருவனாக அவன் நிற்கும்போது நீங்கள் போய் சுவிட்சை அணைத்தால் என்ன ஆகும்? கேரம் போர்டில் கடைசிக் காயை அடிக்கப் போகும்போது யாராவது பலகையைக் கவிழ்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவன் கத்துவதைப் பார்த்து “கேம் இவனை மிருகமாக்கி விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நம் ஊரில் இல்லாத ரத்தமா?

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைக்குப் போனவர்களுக்கு வில்லுப்பாட்டு தெரியும். முத்துப்பட்டன் கதையில் மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டு அவன் உயிரை விடுவான். மனைவிமார் இருவரும் தீயில் இறங்குவார்கள். வெட்டும் குத்தும் ரத்தமும் நிறைந்த அந்தக் கதைகளை விடிய விடியக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. யாரும் வில்லுப்பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை.

“கதை கேட்பது வேறு, தானே துப்பாக்கியை எடுத்துச் சுடுவது வேறு” என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். கேமில் கை நம்முடையது. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாக எடுத்து இத்தனை வருடம் ஆராய்ந்தார்கள். ஆனால் எனக்கு வேறொரு வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிகிறது. கொடையில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆச்சி இருந்தாள். “ஏன் ஆச்சி அவனை வெட்டுனாங்க?” என்று கேட்டால் பதில் கிடைத்தது. விடிந்ததும் கதை முடிந்தது. நடுவில் யாரும் “அடுத்த பாட்டைக் கேட்க 79 ரூபாய் கட்டு” என்று கேட்கவில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள்.

தடைகளின் கதை

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் பப்ஜி ஆடக்கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டது. மீறியதாகக் கல்லூரி மாணவர்கள் உட்படப் பத்துப் பேரைக் கைது செய்தார்கள். பிள்ளைகள் முரடர்கள் ஆகிறார்கள், படிப்பு கெடுகிறது என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

அடுத்த வருடம், 2020 செப்டம்பர் 2-ம் தேதி, மத்திய அரசு நாடு முழுவதும் பப்ஜி மொபைலை முடக்கியது. “நல்ல காலம், வன்முறை ஒழிந்தது” என்று பல பெற்றோர் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தத் தடைக்கும் வன்முறைக்கும் சம்பந்தம் இல்லை. சீனத் தொடர்புள்ள 118 ஆப்களை நாட்டின் பாதுகாப்பையும் பயனாளர்களின் தகவல்களையும் காரணம் காட்டித் தடை செய்தபோது பப்ஜியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

2021 ஜூலையில் அதே விளையாட்டு ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை ரத்தம் பச்சை நிறத்தில் தெறித்தது. ‘கில்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘ஃபினிஷ்’ என்று போட்டார்கள். நிண்டெண்டோவின் சாம்பல் வியர்வை ஞாபகம் வருகிறதா? 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம் என்று கட்டுப்பாடும் வந்தது. கூடவே ஒரு செலவு வரம்பு: ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்!

திரும்பப் படியுங்கள். ரத்தத்தைப் பச்சையாக்கிய கேம், பள்ளிக்கூடப் பிள்ளை ஒரே நாளில் ஏழாயிரம் ரூபாய் செலவழிக்க வழி வைத்திருந்தது. நாம் ரத்தத்தின் நிறத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் முடக்கப்பட்டது. ஆனால் அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது. தடை செய்த விளையாட்டைப் பிள்ளைகள் இன்னும் எப்படி ஆடுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வருடமே கேள்வி எழுப்பியது. ஒரு பெயரைத் தடை செய்தால் இன்னொரு பெயரில் வரும் என்பது இதில் தெரிகிற பாடம்.

தமிழ்நாட்டு வீடுகளை உலுக்கியது எது?

தமிழ்நாட்டில் கேம்ஸ் காரணமாகக் குடும்பங்கள் கடனில் மூழ்கிய, உயிர்கள் போன செய்திகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் வந்த பெயர் எது? ஆன்லைன் ரம்மி!

ரம்மியில் யாரும் யாரையும் சுடுவதில்லை. சீட்டுக்கட்டு, பச்சை மேஜை, இனிமையான இசை. மூன்று வயதுப் பிள்ளை பார்த்தாலும் பயப்படாது. ஆனால் சட்டமன்றம் மீண்டும் மீண்டும் சட்டம் போட வேண்டி வந்தது இதற்காகத்தான். 2021-ல் போட்ட சட்டத்தை அந்த வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். அந்த அக்டோபரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றார்கள். ரம்மி திறமை விளையாட்டு என்பதால் அதற்கு அந்தத் தடை செல்லாது என்று நவம்பரில் தீர்ப்பு வந்தது. பிறகு 2025-ல், பணம் வைத்து ஆடும் கேம்களில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாரும் நுழையக்கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இந்த நீண்ட போராட்டத்தில் பேசப்பட்டவை பணம், ராத்திரி நேரம், வயது. துப்பாக்கி ஓரிடத்திலும் இல்லை.

என் அபிப்பிராயம்

இப்போது சொல்கிறேன். திரையில் தெரியும் ரத்தத்தைப் பார்த்து பயப்படுகிறோம்; திரையில் தெரியாத மூன்று விஷயங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலாவது, காசு. இன்று பல கேம்கள் இலவசம். சம்பாத்தியம் உள்ளே இருக்கிறது. உடை, துப்பாக்கியின் நிறம், ‘சீசன் பாஸ்’ என்று விற்கிறார்கள். அதைவிட மோசம் ‘லூட் பாக்ஸ்’. காசு கொடுத்து ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. திருவிழாவில் சக்கரம் சுற்றிப் பரிசு எடுப்போமே, அதே வித்தைதான். ஆனால் சக்கரம் எப்படிச் சுற்ற வேண்டும் என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கு ஆடுகிறவர் பக்கம் சாய்ந்து எழுதப்படுவதில்லை.

இரண்டாவது, நேரம். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் நஷ்டம் என்று கேமை அமைத்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்பதை 2019-ல் நோய்ப் பட்டியலில் ஏற்றது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நிறைய நேரம் ஆடுவது மட்டும் நோய் ஆகாது. நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாவது, படிப்பும் உடம்பும் கெட்டும் தொடர்வது — இவை பொதுவாக ஒரு வருட காலமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்காக 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது.

மூன்றாவது, அந்நியர்கள். ஹெட்ஃபோனில் உங்கள் பிள்ளையோடு பேசுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் இன்னொரு பையனாகத்தான் இருப்பான். எப்போதும் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் வன்முறை கேம்களை எல்லோரும் ஆடலாமா? கூடாது. ஜி.டி.ஏ. 5 கேமுக்கு ஐரோப்பாவில் 18 வயது முத்திரை. அதைப் பத்து வயதுப் பிள்ளை ஆடுவது சரியில்லை. அவன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் வருவதைப் புரிந்துகொள்ளும் வயது அவனுக்கு இல்லை. ‘ஏ’ சான்றிதழ் படத்துக்கு அவனைக் கூட்டிப் போவீர்களா? அதே கணக்குதான் இங்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. வயது முத்திரையைப் பாருங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருக்கும். இது ஆடக் கஷ்டமா, சுலபமா என்பதைச் சொல்லும் எண் அல்ல. உள்ளே இருக்கும் காட்சிகள் எந்த வயதுக்குத் தக்கவை என்பதைச் சொல்லும் எண்.

2. பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் கொடுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்பதைக் கிளிக் செய்து, ஃபேமிலி பிரிவில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கலாம். எத்தனை மணி நேரம், எந்த வயதுக்கான கேம், பணம் செலவழிக்க அனுமதி உண்டா என்பதையெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் நீங்களே தீர்மானிக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

3. ஸ்டீம் மூலம் கேம் வாங்கினால் அதிலுள்ள ஸ்டீம் ஃபேமிலிஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். எந்தெந்த கேமைத் திறக்கலாம், எவ்வளவு நேரம் ஆடலாம் என்று பெற்றோர் நிர்ணயிக்க முடியும்.

4. காசுக்குப் பூட்டு போடுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கார்டு எண்ணை கேமில் சேமிக்க வேண்டாம். யு.பி.ஐ. பின் எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ஆட்டோபே பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

5. ‘கிராக்’ செய்த கேம்களை இறக்க விடாதீர்கள். “ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்” என்று ஒரு கேம் சொன்னால் அதை நிறுவவே கூடாது. வயது முத்திரையும் அதில் இருக்காது.

6. கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள். தினமும் பத்து நிமிடம் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் ஆடச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

7. நடுவில் சுவிட்சை அணைக்காதீர்கள். “இன்னும் எத்தனை நிமிஷம்?” என்று கேட்டு, “இந்த மேட்ச் முடிஞ்சதும் எழுந்திரி” என்று சொல்லுங்கள். சொன்னபடி எழுந்திருக்கிறானா என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய அறிகுறி. பலமுறை சொல்லியும் எழுந்திருக்கவே முடியவில்லை, சாப்பாடும் தூக்கமும் போயிற்று என்றால் அடிக்காமல் ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் கிடையாது. பணம் பறிபோனால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

8. வாரத்தில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள். “யாரைச் சுடுகிறாய்? ஏன்?” என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றுமே புரியாது. மூன்றாம் நாள் அவனே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அப்போது அவன் என்ன ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான், எவ்வளவு செலவாகிறது என்ற மூன்றுக்கும் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த எட்டில் இரண்டாவதும் நான்காவதும் இன்று ராத்திரியே செய்யக்கூடியவை. அரை மணி நேரம் போதும். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவனுக்குத் தெரியாமல் பூட்டினால் திறக்கும் வழியை நாளையே கண்டுபிடித்துவிடுவான்!